செஞ்சிக்குப் போய் அக்காவைக் கூட்டி வந்த நாள்

பஸ்ஸில் இடம் பிடிப்பதில் அந்தக் காலத்தில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ உள்ளே வீசிவிடுவேன். துண்டு விழுந்த இடம் நம்முடையது. அப்புறம் எவன் ஏறினாலும் அதில் உட்கார மாட்டான். உட்கார்ந்தால் பஸ்ஸே கூடி அவனைத் திட்டும். படிப்பில் வாங்காத பேரை நான் இதில் வாங்கியிருந்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போது எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி எங்கள் வீடு. நிலத்தில் வருவது கைக்கும் வாய்க்குமே சரியாக இருந்ததால், அப்பா வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர்களோடு இங்கிலீஷ் பேசுவதும் அவர்களை அங்கே இங்கே கூட்டிப் போய்க் காட்டுவதும்தான் என் உத்தியோகம். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்தப் புரட்டாசியில் ஒரு ஹாலந்துக்காரர் வந்து தங்கியிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு தரை வழியாகவே ஏழெட்டு நாடுகளைக் கடந்து வந்தவர். பனைமர உயரம். எங்கள் பின்கட்டு நிலையில் தினமும் ஒரு தடவை தலையை இடித்துக்கொள்வார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். எதைப் பார்த்தாலும் மணி பார்த்து அதில் எழுதுவார். டீ குடித்தால் எழுதுவார், போட்டோ எடுத்தால் எழுதுவார், பஸ் கிளம்பினால் எழுதுவார். இந்த மனுஷனுக்கு மறதி வியாதியோ என்று அம்மாவே ஒரு நாள் கேட்டாள்.

அவருக்கு செஞ்சிக் கோட்டையைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த மூன்றாம் நாள் அப்பா விழுந்தார்.

நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் தொட்டி பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் போய்விட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வந்து பார்த்த டாக்டர், இனிமேல் எங்கேயும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோரு நாள் ஆயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. மூச்சு மட்டும் நின்று நின்று வந்தது. நிற்கும்போதெல்லாம் கூடத்தில் இருக்கிற எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். திரும்ப இழுத்ததும் மறுபடியும் பேச ஆரம்பிப்பார்கள்.

சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றினார்கள். ஊற்ற வேண்டியவர்கள் ஊற்றிவிட்டால் உயிர் நிம்மதியாகப் பிரியும் என்பது நம்பிக்கை. செஞ்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு மட்டும், பதறிவிடுவாள் என்று இன்னும் சொல்லி அனுப்பவில்லை. நானும் ஊற்றவில்லை. அக்கா வரட்டும், அக்கா வரட்டும் என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். நான் ஊற்றி, அது இறங்கி, அதோடு அவர் போய்விட்டால்? அந்தக் கூடத்துக்குள் போகவே எனக்குக் கால் வரவில்லை. போனால் அவருடைய இடது கண் என்னையே பார்க்கும். நான் நகர்ந்தால் அதுவும் நகரும். நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிடுவேன்.

பதினோராம் நாள் விடியற்காலை அத்தை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். எங்கள் வீட்டில் சாவு, வாழ்வு எல்லாவற்றுக்கும் அவள் சொல்வதுதான் சட்டம்.

"மவளுக்காகத்தான்டா உசுரப் புடிச்சிக்கினு கெடக்குறான். போயி அவள இட்டுக்கினு வா" என்றாள்.

"தந்தி குடுத்துடலாமே அத்த."

"தந்தியா? 'சீரியஸ்'னு தந்தி வந்தா ஆளு பூட்டான்னுதான் அர்த்தம். அவ அங்கயே விழுந்து பொரளுவா. நீயே போ. ஆனா இன்னா ஏதுன்னு சொல்லிக்கினு இருக்காத. லேசா ஒடம்புக்கு முடியலன்னு மட்டும் சொல்லு. வழி நெடுக அழுதுக்கினு வந்தா பஸ்ஸுல யாரு சமாதானம் பண்றது?"

எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். கெட்ட சேதியை யாரும் முழுசாகச் சொல்ல மாட்டோம். ஆள் போய்விட்டால் ரொம்ப முடியவில்லை என்போம். ரொம்ப முடியவில்லை என்றால் லேசாகக் காய்ச்சல் என்போம். கேட்கிறவர்கள் அதைப் பெருக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். அக்கா பெருக்கிக்கொள்வாள் என்று நானும் நினைத்தேன்.

அக்காவைக் கொடுத்த ஊர் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு மைல் நடை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, ஹாலந்துக்காரர் தோளில் சின்னப் பையும் கழுத்தில் கேமராவுமாகப் பல் துலக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் ஊரை விட்டுக் கிளம்புகிறார். எங்கே என்று கேட்டார். செஞ்சிக்கு என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இன்றைக்கா போகிறோம் என்றார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. விருந்தாளியிடம் போய் வீட்டுத் துக்கத்தைக் கடை விரிப்பது எங்களுக்கு வழக்கம் இல்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் எனக்கும் அவர் கூட வருவது பிடித்திருந்தது. அந்த மூச்சுச் சத்தத்திலிருந்து ஒரு நாள் தப்பிக்க வேண்டும் போல இருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அம்மாவிடம் இரண்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்றேன். கூடத்துக்குள் போய் நைனாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பஸ் ஸ்டாண்டில் முதல் வண்டி நுழைந்ததும் ஹாலந்துக்காரர் தோளிலிருந்த பையைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினேன். மனுஷன் அலறிவிட்டார். பாஸ்போர்ட், டிராவலர்ஸ் செக் எல்லாம் அதில்தான் இருந்தன. உள்ளே ஏறிப் போய், இரண்டு பேர் இடத்தில் பை தனியாகக் குந்தியிருப்பதைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நானும் சிரித்தேன்.

அக்கா வீட்டில் இல்லை, கொல்லைக்காட்டில் இருந்தாள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். முந்தின நாள் பெய்த மழையில் மண் இளகியிருந்ததால் எட்டு பெண்களை விட்டு மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மாமா நெல்லூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். எல்லாம் அவள் தலையில்தான். என்னைப் பார்த்ததும் கை மண்ணைத் தட்டிவிட்டு வந்தாள். பின்னால் நின்ற வெள்ளைக்காரரைப் பார்த்துச் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இன்னாடா, சொல்லாம கொள்ளாம?"

"ஒண்ணுமில்லக்கா. நைனாவுக்கு லேசா ஒடம்பு முடியல. ஒன்ன பாக்கணும் போல இருக்குதாம். ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பக்கத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு ஊர் சுற்ற வந்த ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சாவு வீட்டிலிருந்து வருகிறவன் இப்படியா வருவான்? அவள் கணக்கு அப்படிப் போயிருக்க வேண்டும். முகத்தில் இருந்த கலவரம் இறங்கிவிட்டது.

"ஆள வுட்டுட்டேனேடா. இந்த ஈரம் காஞ்சா செடி வராது, காய் மண்ணுலயே பூடும். உச்சிக்குள்ள முடிஞ்சிடும். ரெண்டு மணிக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுறேன், ஒண்ணா போலாம். அதுக்குள்ள அவர இட்டுக்கினு போயி கோட்டையக் காட்டு."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அக்கா, இப்பவே வா, இன்றைக்குத் தாங்காது என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எட்டு பெண்கள் நிமிர்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரிக்கா என்றேன்.

ராஜகிரிக் கோட்டையில் ஏறுவது லேசான வேலை இல்லை. படி, படி, படி. வெயில் சுட்டது. குரங்கு ஒன்று ஹாலந்துக்காரர் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடியது. களஞ்சியத்தைக் காட்டினேன். யானைக் குளத்தைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த ராஜா கதை பாதி, தெரியாத கதை பாதி, எல்லாவற்றையும் அளந்து விட்டேன். அவர் அத்தனையும் எழுதிக்கொண்டார். உச்சிக்குப் போகும் முன் பாறைப் பிளவு ஒன்று வரும். அதன் மேல் போட்ட சின்னப் பாலத்தைத் தாண்டினால் உச்சி. காற்று அப்படி அடித்தது. கீழே வயல்கள், ஏரிகள், சின்னதாக ஊர்ந்து போகிற பஸ்கள்.

சொன்னால் வெட்கமாக இருக்கிறது, அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். பதினோரு நாளில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது. முதல் தடவையாக மூச்சை நன்றாக இழுத்து விட்டேன். நைனாவின் நினைப்பே இல்லை. ஹாலந்துக்காரர் என்னைப் பீரங்கி பக்கத்தில் நிற்க வைத்தார். ஒரு காலை அதன் மேல் வை என்றார். வைத்தேன். சிரி என்றார். நான் போட்டோவுக்குச் சிரிக்கிறவன் இல்லை, விறைத்துக்கொண்டு நிற்பேன். அவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரங்கு மாதிரியே முகத்தைக் கோணிக் காட்டினார். சிரித்துவிட்டேன். அவர் வாட்சைப் பார்த்து நோட்டில் எழுதினார்.

இரண்டு மணிக்கு அக்கா சொன்னபடி வந்து நின்றாள். குளித்து, தலை வாரி, பூ வைத்திருந்தாள். கையில் துணி மூட்டை, அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. "புது மல்லாட்டை. நைனாவுக்குப் பல்லு இல்லியே, நல்லா கொழைய வேகவெச்சி எடுத்தாந்தேன்" என்றாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திருவண்ணாமலை, திண்டிவனம் என்று இரண்டு ஊரும் எழுதிய பலகையோடு ஒரு வண்டி உள்ளே வந்தது. எந்தப் பக்கம் போகிறது என்று கேட்க வேண்டாமா? அதற்கு எனக்கு ஏது பொறுமை. கூட்டத்தைப் பார்த்ததும் கை தானாகப் போயிற்று. ஹாலந்துக்காரர் பையை வாங்கி ஜன்னலுக்குள் எறிந்தேன். இந்தத் தடவை அவரே சிரித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார். அக்காவைப் படியில் ஏற்றும்போது பக்கத்தில் இருந்த கிழவர், "இது திண்டிவனம் போறது தம்பி" என்றார். அக்காவைக் கீழே இறக்கினேன். பையை எடுக்க நான் உள்ளே நுழைவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். கத்திக்கொண்டே ஓடினேன். பஸ் திரும்பி ரோட்டில் ஏறிப் போயேவிட்டது. பாஸ்போர்ட்டோடு.

டைம் கீப்பர் பதறவே இல்லை. "பையிக்கு ஆளு இல்லனு தெரிஞ்சதும் எதுர வர்ற வண்டியில குடுத்தனுப்பிடுவாங்க. எங்கயும் பூடாது, குந்துங்க" என்றார். குந்தினோம். எங்கள் ஊர் வண்டி ஒன்று வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "டேய், நெஜமா சொல்லு. நைனாவுக்கு இன்னா?"

"அதான் சொன்னேனேக்கா. லேசா முடியல."

ஹாலந்துக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகம் படிக்கத் தெரியும். உன் அக்கா ஏன் கவலையாக இருக்கிறார், உங்கள் அப்பாவுக்கு அதிகமாக இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் இந்த பஸ்ஸில் போய்விடுங்கள், நான் பை வந்ததும் வந்துவிடுகிறேன், எனக்குப் பயம் ஒன்றும் இல்லை என்றார். ஏழெட்டு நாடுகளைத் தனியாகக் கடந்து வந்தவர். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்துசேரத் தெரியாதா? ஆனால் பையை எறிந்தவன் நான். விருந்தாளியை நடுவழியில் விட்டுவிட்டுப் போனான் என்ற பேர் எனக்கு வரக்கூடாது. அதெல்லாம் அவசரம் இல்லை, சேர்ந்தே போகலாம் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன். ஒரே நாளில் இரண்டு பாஷையில் ஒரே பொய்.

பை நாலு மணிக்கு வந்தது. ஒன்றும் தொலையவில்லை. கண்டக்டர் அதை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, "பையத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பலகையப் பாருங்க சார்" என்றார்.

அதற்கப்புறம் கிடைத்த பஸ் கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் பின் டயர் வெடித்து நின்றுவிட்டது. ஸ்டெப்னி இல்லை. நட்டநடு ரோட்டில் நாற்பது பேர் இறங்கி நின்றோம். அங்கிருந்து மலை நன்றாகத் தெரியும். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். உதடு அசைந்தது. நைனாவுக்கு நல்லாகிட்டா மலை சுத்தறேன் என்று வேண்டிக்கொண்டது எனக்குக் கேட்டது. ஹாலந்துக்காரர் ரோட்டின் குறுக்கே போய்க் கையை விரித்து நின்று, கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டரை நிறுத்தினார். பின்னால் டிரெய்லரில் ஏறி உட்கார்ந்தோம். அக்கா மல்லாட்டை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அது ஆறிப்போயிருந்தது.

வீட்டுத் திருப்பத்துக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முதலில் பறைச் சத்தம் கேட்டது. அப்புறம் எங்கள் வாசலில் பச்சை மூங்கிலையும் தென்னை ஓலையையும் இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் தெரிந்தார்கள்.

டிராக்டர் நிற்பதற்குள் அக்கா குதித்துவிட்டாள். மூட்டை அவிழ்ந்து ரோடெல்லாம் மல்லாட்டை சிதறியது. நாலு எட்டு ஓடியவள் நின்று திரும்பி என்னிடம் வந்தாள். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"தெரியுமாடா ஒனக்கு? தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தியா?"

நான் ரோட்டில் சிதறிக் கிடந்த மல்லாட்டையைப் பார்த்தேன்.

"தெரிஞ்சிருந்தா அந்த எழவெடுத்த மல்லாட்ட எதுக்குடா எனக்கு? மண்ணோட மண்ணா போவட்டும்னு அப்பவே ஓடியாந்திருப்பேனேடா!"

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் என்னோடு பேசவில்லை.

நான் வாசலைத் தாண்டி உள்ளே போனதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மவளுக்காகன்னு நெனச்சேன்டா. தப்பா நெனச்சிட்டேன். பன்னெண்டு மணி இருக்கும், கண்ண நல்லா தொறந்தான். சுத்திச் சுத்திப் பாத்தான். வாய் கோணிக்கினு இருந்தாலும் வார்த்த புரிஞ்சுது. 'தம்பி எங்க, தம்பி எங்க'ன்னு ரெண்டு தடவ கேட்டான். இதோ வந்துடுவான்னு சொன்னேன். வாசப் பக்கமே பாத்துக்கினு இருந்தான். கால் மணி நேரம். அப்புறம் நின்னுபோச்சு."

எங்கள் வீட்டில் என் பேர் தம்பி. பன்னிரண்டே காலுக்கு உயிர் போயிருக்கிறது என்று, செத்த நேரம் நல்ல நட்சத்திரமா என்று அடைப்பு பார்க்கிற ஐயருக்காக யாரோ சீட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி அம்மா ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்து கொடுத்தாள். மூடிய வாயில் ஊற்றினேன். அது கன்னத்தில் வழிந்து காதுக்குப் போனது.

மறுநாள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது ஹாலந்துக்காரர் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். குரலில் கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது. அந்தக் கோட்டை எத்தனையோ நூறு வருஷமாக அங்கேதானே இருக்கிறது, அது எங்கே போய்விடும் என்றார். நீங்கள் எங்கள் விருந்தாளி என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. என் வாயாலேயே சொல்லிக் கேட்டபோது எனக்கும் விளங்கவில்லை. நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் குனிந்து வெளியே போனார்.

பங்குனியில் அவரிடமிருந்து ஒரு தடித்த கவர் வந்தது. ஒரே ஒரு போட்டோ. நான் பீரங்கி மேல் கால் வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறேன். என் நிழல் காலடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. பின்பக்கம் நோட்டில் எழுதுகிற அதே பொடி எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தார். செஞ்சி, கோட்டை உச்சி, என் நண்பன், மணி பன்னிரண்டு பத்து.

அம்மா அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. "நல்லா சிரிச்சிருக்கடா. அப்டியே நைனா சிரிக்கிறாப்பலவே இருக்குது" என்றாள். பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ஊர் பேர்தான் என்றேன்.

அவளே கடைக்குப் போய்ச் சட்டம் போட்டு வாங்கிவந்து நைனா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சொன்னாள். அடித்தேன். அவள் இருந்த வரைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு படத்தையும் துடைப்பாள், நைனாவுக்குப் பூ வைப்பாள், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. அவளிடமும் நான் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.